நிலவறைத் தூண்களுக்கு நடுவே

இங்கிலாந்தின் வூஸ்டர் பேராலயத்தில் சில காலம் வாரத்துக்கு இரண்டு நாள் வழிகாட்டியாக இருந்தேன். ஆரம்பத்தில் ஆயர் (பிஷப்) வுல்ஸ்டனைப் பற்றி வெறும் வருஷங்களை வரிசையாக ஒப்பிப்பேன்: 1062இல் ஆயரானார், 1084இல் இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார், 1095இல் காலமானார், 1203இல் புனிதர் பட்டம். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, ஜான் அரசரின் கல்லறை எங்கே என்று கேட்பார்கள்.

ஒருநாள், கொத்தனார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நிலவறைத் தூண் ஒன்றைத் தடவிப் பார்த்தபடி, "இதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?" என்றார். பழைய தேவாலயம், வுல்ஸ்டனே இடிக்கச் சொன்னார் என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. வுல்ஸ்டன் இந்தப் பேராலயத்தோடு சேர்ந்த மடத்திலேயே துறவியாக இருந்து படிப்படியாகப் பொறுப்புக்கு வந்தவர். பன்னிரண்டு பேராக இருந்த துறவிகள் ஐம்பதாகப் பெருகியதால் பெரிய கட்டடம் தேவைப்பட்டது. சரி, தேவைதான். ஆனால் இடிக்கும் அன்று அவர் நின்று அழுதார். முன்னோர்கள் தங்கள் வாழ்க்கையையே கடவுளுக்குக் கொடுத்தார்கள், நாம் கற்களைக் குவிக்கிறோம் என்று வருந்தினாராம். அன்றிலிருந்து வருஷங்களைக் குறைத்துக்கொண்டு, அந்த அழுகையிலிருந்து பேச ஆரம்பித்தேன்.

வாத்துக் கறி மணத்தில் பூசையில் மனம் சிதறியதால் இறைச்சியையே விட்ட கதையையும் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு ஆங்கிலேய ஆயர்களின் இடங்களுக்கு ஒவ்வொன்றாக வெளியாட்கள் வந்தார்கள். கடைசியில் ஆங்கிலேயராக மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்.

எனக்கு அவருடைய பெரிய வேலை என்றால் பிரிஸ்டல் துறைமுகத்தில் செய்ததுதான். அங்கிருந்து ஆண்களையும் பெண்களையும் கயிற்றில் கட்டி, வரிசையாக அயர்லாந்துக்கு அடிமைகளாக விற்றார்கள். அந்த வியாபாரிகள் கடவுள் பக்திக்கும் மசியவில்லை, நார்மன் அரசர் வில்லியம் மீதான பயத்துக்கும் மசியவில்லை. அது பரம்பரைப் பழக்கம், ஒரே நாளில் போகாது என்று வுல்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அங்கேயே போய் இரண்டு மூன்று மாதம் தங்குவார். ஒவ்வொரு ஞாயிறும் பேசுவார். ஆணை எழுதி அனுப்பிவிட்டு வூஸ்டரில் இருந்திருக்கலாம். எத்தனையோ அதிகாரிகள் அப்படித்தான் செய்வார்கள். அவர் போனார், தங்கினார். மெல்ல மெல்ல ஊர் அந்த வியாபாரத்தைக் கைவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். கேட்க மறுத்த ஒருவனை ஊர்க்காரர்கள் துரத்தி, அவன் கண்களைப் பிடுங்கியதாகவும் அவருடைய வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. புனிதரின் கதை கெட்டுவிடுமோ என்று வெகுநாள் இதை விட்டுவிட்டே பேசினேன். கடைசி வருஷத்தில்தான் அதையும் சேர்த்துச் சொன்னேன்.