2048 பைட்டில் தொடங்கிய வெப்பப் பதிவுக் கருவி

ஒரே கருவியை மூன்று மென்பொருள் தளங்களில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. கருவி எளிமையானதுதான். டிஎஸ்18பி20 உணரி வெப்பநிலையை அளக்கும், 128×64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரை அதைக் காட்டும், எஸ்டி கார்டில் பதிவாகும். திரையை மாற்ற ஒரு பொத்தான்.

முதலில் ஆர்டுவினோ யூனோ என்ற சிறு பலகை. அதன் ஏடிமெகா328பி சில்லில் நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் ஃபிளாஷ் உண்டு; ஓடும்போது தரவை வைக்கும் ரேம் 2048 பைட்தான். உணரி, திரை, கார்டு மூன்றும் தனித்தனியே நன்றாக ஓடின. சேர்த்த அன்று திரை இருண்டே கிடந்தது. ஏறத்தாழ 900 பைட் ரேம் மிச்சம் இருப்பதாக, நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் காட்டியதால் நினைவகத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு மாலைகள் கம்பிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 128×64 புள்ளிகளுக்கு 1024 பைட் வேண்டும். திரையை இயக்க நான் எடுத்த ஆயத்த நிரல் நூலகம் அந்த இடத்தை நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஹீப்பில், அதாவது தேவைப்படும்போது கேட்டுப் பெறும் ரேம் பகுதியில், கேட்கிறது. கம்பைலரின் கணக்கில் அது வருவதே இல்லை. 900 இருக்கும் இடத்தில் 1024 எப்படிக் கிடைக்கும்? கிடைக்கவில்லை என்று நூலகம் திருப்பியனுப்பிய விடையை நான் பார்க்காமல் விட்டிருந்தேன்.

ரேமை வேறு யார் எடுக்கிறார்கள் என்று தேடினேன். கார்டின் ஒரு செக்டாரை, அதாவது அதில் ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டை, வைத்துக்கொள்ள 512 பைட் போய்விடுகிறது. இந்தச் சில்லில் நிரலுக்கும் தரவுக்கும் முகவரிகள் வேறுவேறு என்பதால், மேற்கோள் குறிக்குள் நான் எழுதிய பிழைச் செய்திகள் எல்லாம் தொடக்கத்திலேயே ரேமுக்குப் படியெடுக்கப்படுகின்றன. ஆர்டுவினோ தரும் எஃப் மேக்ரோ என்ற குறிப்புக்குள் போட்டால் அவை ஃபிளாஷிலேயே தங்கிவிடும். அப்படிப் போட்டு முந்நூறு பைட் மீட்டேன். திரை உயிர்பெற்றது, ஆனால் கார்டில் கோப்பைத் திறந்ததும் கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இப்போது ஸ்டாக்குக்கு, அதாவது செயல்கூறுகள் தற்காலிக மாறிகளை வைக்கும் ரேம் பகுதிக்கு, இடமில்லை! கடைசியில் யு8ஜி2 நூலகத்துக்கு மாறினேன். அதன் பக்க முறையில் 128 பைட் போதும். திரையை எட்டுத் துண்டுகளாக வரைகிறது. சற்று மெதுவாக வரைந்தாலும் இரவு முழுவதும் நிற்காமல் ஓடியது. அந்தக் கோப்பைக் காலையில் திறந்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அடுத்து ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில், சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தான். 264 கிலோபைட் ரேம் என்பது யூனோவிலிருந்து வருபவருக்குப் பெரிய மாளிகை. அரை நாளில் முழு நிரலும் ஓடிவிட்டது. திருத்திய வரியை உடனே ஓட்டிப் பார்க்க முடிவதால், புதிய உணரியைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஓரிடத்தில் மட்டும் தடுக்கியது. பொத்தானை ஹார்ட் குறுக்கீடாக, அதாவது அழுத்தியதுமே மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் செயல்கூறாக, பதிவு செய்து, அதற்குள்ளேயே சராசரி வெப்பநிலையைக் கணக்கிட்டேன். நினைவகப் பிழை வந்தது. அத்தகைய குறுக்கீட்டுக்குள் ஹீப் பூட்டப்பட்டிருக்கும். தசம எண் ஒன்றை உருவாக்கவும் மைக்ரோபைத்தானுக்கு ஹீப் வேண்டும். குறுக்கீட்டில் பொத்தான் அழுத்தப்பட்டதைக் குறிக்கும் ஒரு கொடியை மட்டும் உயர்த்தி, கணக்கை வெளியே கொண்டுவந்ததும் சரியானது.

மூன்றாவது, அதே பலகையில் சி மொழியும், பல பணிகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸும். உணரி 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லிநொடி எடுக்கும். அளவிடுவது ஒரு பணி, வரைவது ஒரு பணி, எழுதுவது ஒரு பணி என்று பிரித்தால், ஒன்று காத்திருக்கும்போது மற்றவை ஓடலாம். பிரித்தேன். எழுதும் பணி மட்டும் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் நிறுத்தியது.

ஒவ்வொரு பணிக்கும் தனி ஸ்டாக். அளவைச் சொற்களில் தர வேண்டும்; இங்கே ஒரு சொல் என்பது 4 பைட். நான் தந்தது 256, அதாவது 1024 பைட். அந்தப் பணியின் செயல்கூற்றுக்குள் கோப்பு மாறியை அறிவித்திருந்தேன். கார்டில் கோப்புகளைக் கையாளும் ஃபேட்எஃப்எஸ் நூலகத்தின் கோப்பு மாறி ஒன்று தனக்குள் 512 பைட் தாங்கலை வைத்திருக்கிறது. மேலே தசம எண்ணை எழுத்தாக்கும் வேலை வேறு. ஸ்டாக் நிரம்பி வழியாமல் என்ன செய்யும்? வழிவைக் கண்டறியும் அமைப்பை 2 என்று வைத்ததும், பிழை நேரே அந்தப் பணியின் பெயரோடு வந்து நின்றது.

கோப்பு மாறியை ஸ்டாட்டிக் ஆக்கி, அதாவது ஸ்டாக்குக்கு வெளியே வைத்து, நான்கு இரவுகள் ஆகின்றன; கருவி நிற்கவில்லை. எழுதும் பணியின் ஸ்டாக்கில் இதுவரை மிகக் குறைந்த மிச்சம் 61 சொற்கள். திரைப் பணிக்குத் தேவைக்கு மேல் கொடுத்திருக்கிறேன். இன்றிரவு அதைக் குறைத்து ஓடவிடுகிறேன்.