வில்லங்கத்தில் கிடைத்த வம்சாவளி

அப்பாவின் மறைவுக்குப் பிறகு பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றப் போனபோதுதான், ஊரில் இருக்கும் நஞ்சையில் ஒரு துண்டு இன்னமும் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரிலேயே நிற்பது தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வம்சாவளி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அத்தையை உட்கார வைத்து எழுதத் தொடங்கினேன். தாத்தாவின் தலைமுறை வரை தடையில்லை. அதற்கு மேலே போனதும் அத்தை தயங்கினார். கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததாகவும், அவர் ரங்கூனுக்குக் கப்பலேறித் திரும்பாமலே போய்விட்டதாகவும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்களா என்ற கேள்விக்கு உறவில் எவரிடமும் விடையில்லை. பட்டா வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. அந்த அண்ணனைத் தேடும் வேலை மட்டும் மேலும் இரண்டு ஆண்டுகள் என்னை இழுத்தடித்தது.

தொடங்கிய இடமே தவறு. ஆவணம் என்றதும் எழும்பூர்தான் நினைவுக்கு வர, சென்னைக்கு ரயிலேறினேன். 1909 முதல் அந்தச் செங்கல் கட்டடத்தில் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் 1670 தொட்டு ஏடுகள் இருக்கின்றன. வருவாய் வாரிய நடவடிக்கைகள், நிலத்தீர்வையை நிர்ணயித்த செட்டில்மெண்ட் அறிக்கைகள், இனாம் பதிவேடுகள் என்று அரசாங்கம் தன் உபயோகத்துக்காக எழுதி வைத்தவை அவை. முன்னோர் இனாம்தாராகவோ ஜமீன்தாராகவோ அரசு ஊழியராகவோ இருந்திருந்தால் அங்கே பெயர் அகப்படக்கூடும். எங்களுடையவர்கள் தீர்வை கட்டிப் பிழைத்த குடியானவர்கள். மூன்று நாள் உட்கார்ந்து எங்கள் தாலுகாவின் பாசனத்தையும் தரப்பாகுபாட்டையும் படித்தேன். சுவையாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சு அதில் ஒரு வரிகூட இல்லை.

குடும்பப் பெயர் இல்லாத, பாட்டன் பெயரையே பேரனுக்கு வைக்கிற நம் வழக்கத்தில், ஆள் பெயரைக் கொண்டு தேடுவது வீண் வேலை என்பதை அதற்குப் பிறகே உணர்ந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள்தாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகின்றன. அதே பெயரில் ஊரில் இன்னும் நான்கு வீடுகள் உண்டு. இடம்மாறாமல் கிடப்பது நிலம் ஒன்றுதான். ஆகவே புல எண்ணை, அதாவது சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவு எண்கள் மாறிவிட்டபடியால், இன்றைய பட்டாவில் உள்ள எண்ணை வைத்துப் பழைய ஏட்டைப் புரட்டினால் அடுத்தவர் வயலில் போய் நிற்போம். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டையும், அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் பெற்றேன். அதில் எங்கள் வயலுக்கு நேரே இரண்டு பெயர்கள் கூட்டாக எழுதப்பட்டிருந்தன. ஒன்று கொள்ளுத்தாத்தாவினுடையது, மற்றது, அதுவரை வெறும் வாய்ப்பேச்சாக இருந்த அண்ணனுடையது.

அங்கிருந்து சார்பதிவாளர் அலுவலகம். நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் விவரமான வில்லங்கம், கணினியில் அண்மைக்காலத்துக்கு மட்டுமே வரும். நூறாண்டுக்கு முந்தையதற்கு ‘மேனுவல் ஈசி’ (ஈசி: வில்லங்கச் சான்று) என்று சொல்லப்படும் கைத்தேடல்தான் வழி. 1900 முதல் 1950 வரை கட்டணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய சான்றில் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் ஒரு பதிவுகூட இல்லையா என்று நான் புலம்பியதைக் கேட்ட ஒரு வயதான பத்திர எழுத்தர்தான், அந்த அலுவலகமே பிற்பாடு பிரிக்கப்பட்டது என்றும், அதற்கு முன்னால் எங்கள் ஊர் வேறோர் அலுவலகத்தின் எல்லையில் இருந்ததால் பழைய புத்தகங்கள் அங்கேதான் கிடக்கும் என்றும் சொன்னார். சான்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது தெரியாமலிருக்க நியாயமில்லை. கட்டிய பணம் போனது போனதுதான்.

பதிவுச் சட்டப்படி நிலம் சம்பந்தமான பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும். பத்திரம் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை அட்டவணை 1-லும், ஊர், புல எண் முதலிய சொத்து விவரத்தை அட்டவணை 2-லும் குறித்து வைப்பார்கள். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியே இருக்கும்; எழுதியவர் இறந்துவிட்டால், அதன் நகலை எவரும் கேட்டுப் பெறலாம். வம்சாவளி தேடுகிறவர்கள் பலர் இந்த மூன்றாம் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் உயில் எழுதியவர் எவருமில்லை. ஆனால் தாய் அலுவலகத்து அட்டவணை 2, எங்கள் பழைய புல எண்ணின்மேல் மூன்று பதிவுகளைக் காட்டியது. இரண்டு, கடனுக்கு ஈடு வைத்த அடமானப் பத்திரங்கள். மூன்றாவது, ஜீவனாம்சப் பத்திரம்.

நகல் கைக்கு வந்த அன்று அதைப் படிக்க முடியவில்லை. எழுத்தர் ஒருவர் பத்திரத்தைப் பார்த்துப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிய கையெழுத்து அது. புள்ளி கிடையாது; சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே நிற்கும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறிகள் வேறு. அடமானப் பத்திரங்களை முதலில் படித்துக் கையைப் பழக்கிக்கொண்டு, ஒரு நாளுக்கு நான்கு வரி வீதம் எழுத்துக் கூட்டினேன். ‘சித்தார்த்தி ௵ தை ௴’ என்று தொடங்கியது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் சித்தார்த்தி என்பது 1859-லும் வரும், 1919-லும் வரும்; பதிவு முத்திரையில் இருந்த ஆங்கிலத் தேதி 1920 ஜனவரி என்று தீர்த்து வைத்தது. எழுதிக் கொடுத்தவர் கொள்ளுத்தாத்தா, வயது 20. வீட்டிலிருந்த அவருடைய ஜாதகக் குறிப்பில் ‘விகாரி’ என்று மட்டும் இருந்ததை 1839 என்று கொள்வதா, 1899 என்று கொள்வதா என்ற என் பழைய குழப்பமும் அந்த ‘20’-ல் தீர்ந்தது.

‘காலஞ்சென்ற நமது தமையனாரின் பாரியாளுக்கு’ என்று அது எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தில் நேர்ந்த மனஸ்தாபங்களைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு, அவர் ஆயுள் உள்ளமட்டும் வருஷம் ஒன்றுக்கு நெல் 24 கலமும், புடவை இரண்டும் கொடுத்து வருவதாகவும், வீட்டின் மேலண்டை அறையில் அவர் குடியிருந்துகொள்வதாகவும், தவறினால் கீழ்க்கண்ட நஞ்சை அதற்குப் பொறுப்பு என்றும் கண்டிருந்தது. கணவன் பங்கில் விதவைக்குச் சட்டம் உரிமை தந்தது 1937-ல்தான். அதற்கு முன் கூட்டுக்குடும்பத்தில் பிள்ளையில்லாத பெண்ணுக்கு வாய்த்தது இந்தப் படியளப்பு ஒன்றே. நிலத்தைப் பொறுப்புக் கட்டியதால்தான் பத்திரம் பதிவாயிற்று. பதிவானதால்தான் அவர் பெயர் எனக்குக் கிடைத்தது. அவர் சண்டை போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், எந்த ஏட்டிலும் அவர் இருந்திருக்க மாட்டார்.

ரங்கூன் கதை அப்போதே ஆட்டம் கண்டது. 1920-க்கு முன்பே இறந்தவர் என்றால் ஊர் இறப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டுமே என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். ‘ஆவணம் இல்லை’ என்று பதில் வந்தது. 1980 நவம்பரில் கணக்குப்பிள்ளை, மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எங்கள் ஊர் ஏடுகள் கைமாறிய கதையைக் கேட்டிருந்ததால் அதை நம்பவும் தோன்றியது. ஆனாலும் மேல்முறையீட்டுக்குக் கட்டணமில்லை என்பதால் போட்டு வைத்தேன். நேரில் வந்து பார்வையிடலாம் என்று அனுமதி வந்தது. கரையான் அரித்த ஒரு கட்டின் நடுவே, 1918 அக்டோபர் பக்கத்தில் அவர் இருந்தார்: வயது 24, காரணம் ஜுரம். மற்ற மாதங்களில் ஒன்றோ இரண்டோ இறப்பு இருந்த ஏட்டில், அந்த மாதம் மட்டும் பதினொன்று. காரணத்துக்கான கட்டத்தில் ஜுரம், ஜுரம் என்று பதினொரு முறை. இன்ஃபுளுவென்சா சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போன நாட்கள் அவை. கப்பலேறியதாகச் சொல்லப்பட்டவர் பிறந்த வீட்டிலேயே கண்ணை மூடியிருக்கிறார்.

பத்திரத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மேலண்டை அறை என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “நான் ரெண்டாவதோ மூணாவதோ படிக்கிறப்போ அந்த ரூம்ல வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு கிழவி இருந்தாங்கடா. நெல் அவிக்கிறப்போ அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. மேலறை அப்பாயின்னு கூப்பிடுவோம். வேலைக்கு இருக்கிறவங்கன்னுதான் நெனச்சிருந்தேன்” என்றார்.

வம்சாவளியில் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்குப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். உறவினர் எல்லோரிடமும் இன்னும் பேசி முடிக்கவில்லையாதலால் இங்கே அதை எழுதவில்லை. பத்திரத்தில் அவருடைய தகப்பனார் பெயரும் பிறந்த ஊரும் கண்டிருக்கின்றன. கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் அந்த ஊர் 1920-ல் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருந்தது என்பதை இம்முறை முதலிலேயே விசாரித்துக்கொண்டு, போன வாரம் மனுக் கொடுத்திருக்கிறேன். 1895 முதல் 1920 வரை தேடுவதற்குக் கட்டணம் கட்டியாயிற்று.