ஜிப்ஸிக்கு 2 அங்குலம்: முன் ஆப்பு முடிந்தது, பின்பக்கம் பாக்கி

என் மாருதி ஜிப்ஸி ஜீப்பை 2 அங்குலம் தூக்கும் வேலையில், ஆப்பு என்கிற சரிவுத் தகடு வைத்து, முன்பக்கம் ஒருவழியாக முடிந்தது. திருப்பத்தில் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது. ஜிப்ஸியைத் தூக்கியவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே மீதிக் கதை புரிந்துவிடும். தூக்கிவிட்டு, "வண்டி ரோட்டுல அலையுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வருசக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 98 மாடல் ஜிப்ஸி கிங், கார்புரேட்டர். பட்டையை (இலை ஸ்பிரிங்கை) ஹவுசிங்குக்கு (சக்கர அச்சின் கூட்டுக்கு) மேலே ஏற்றிவிடு, ஒரே அடியில் 5 அங்குலம் கிடைக்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. கிடைக்கும்தான். ஆனால் ஹவுசிங்கில் புதிதாகத் தாங்கி வைத்துப் பற்றவைக்க வேண்டும், ஸ்டீயரிங் ராடையும் வளைத்துச் செய்ய வேண்டும், அப்புறம் வண்டி பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை எடுத்துக்கொண்டால் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதே கேள்விக்குரியது. அதனால் எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: வெல்டிங் கூடாது, எல்லாம் போல்ட்டில் கழற்றி மாட்டுகிற வேலையாக இருக்க வேண்டும். பழைய பட்டையும், அதன் ஒரு முனையைச் சேஸில் தொங்கவிடும் சாக்கிளும் கிரீஸ் தடவிக் கட்டுத்தரை விட்டத்தில் தொங்குகின்றன.

எதற்குத் தூக்கினேன் என்றால், எங்கள் காங்கேயம் பக்கத்து இட்டேரிகளைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒதுங்க இடம் கிடையாது. டிராக்டர் போய்ப் போய்ச் சக்கரத்தடம் பள்ளமாகி நடுமேடு மட்டும் எழும்பி நிற்கும். கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் காட்டுக்கு) போய் வருவதற்குள் வண்டியின் அடிவயிறு அதில் உரசும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தெரியாமலே நிறையப் பேர் காசைக் கொட்டுகிறார்கள். பட்டையைத் தூக்கினால் பாடியும் சேஸும்தான் உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அது ஏற வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மில்லி, 215/75 ஆர் 15 போட்டால் 703. வித்தியாசத்தில் பாதிதான் குண்டுக்குச் சேரும், 18 மில்லி போல. லிஃப்ட் செய்வது அந்தப் பெரிய டயர் பாடியில் உரசாமல் சுற்றுவதற்கு இடம் விடத்தான். 215/75 பொலிரோ அளவு என்பதால் எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கிறது. ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும், 60 என்றால் உண்மையில் 63. பழகிவிட்டது.

பட்டை வேலையைச் சங்ககிரியில் செய்தேன். லாரி ஊர், பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஜிப்ஸிப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பட்டறையில் சிரித்தார்கள், இன்னொன்றில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொன்னார்கள். காய்ச்சிய இடத்தில் பதம் போய்விடும். மறுபடி எண்ணெயில் தோய்த்து, பக்குவமாகச் சூடு காட்டி இறக்கும் வசதி இல்லாத பட்டறையில் காய்ச்சினால் ஒன்று பட்டை தொய்யும், இல்லையென்றால் குழியில் விழும்போது முறியும். மூன்றாவதாகப் போன பட்டறை மேஸ்திரி சூடே காட்டாமல், ஒவ்வொரு இலையையும் நெடுக நெருக்கமாகச் சம்மட்டியால் தட்டித் தட்டி வளைவு ஏற்றினார். சத்தத்தில் காது போயிற்று, ஆனால் நான்கு கட்டும் ஒரே வளைவில் வந்தன. முன்பக்கத்துக்கு ஓர் அங்குலம் இதிலேயே கிடைத்தது. மீதி அங்குலம் சாக்கிளை நீட்டியது. 50 மில்லி நீட்டினால் வண்டி 25 மில்லிதான் ஏறும், பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது.

வினை இந்தச் சாக்கிளில்தான் இருக்கிறது. ஜிப்ஸிக்கு முன்பட்டையின் சாக்கிள் முன்முனையில். அதை நீட்டினால் பட்டையின் மூக்கு தாழ்கிறது, அதோடு ஹவுசிங்கும் முன்னால் குப்புறச் சாய்கிறது, கிங்பின்னின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணியின்) தலையும் முன்னுக்கு வருகிறது. கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் கிங்பின்னின் பின்சாய்வு, போயிற்று. பட்டை கண்ணுக்குக் கண் (முனை வளையத்துக்கு முனை வளையம்) ஒரு மீட்டருக்குள், முனை 50 மில்லி இறங்கினால் 3 டிகிரி காலி. ஜிப்ஸிக்கு இருப்பதே 3.5. நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, வண்டியை நிறுத்தி, கிங்பின் மூடியின் மேல் கோணமானியை வைத்தேன். அரை டிகிரிதான் மிச்சம். வண்டி தாராபுரம் ரோட்டில் ஓடியபோது கடைத்தெருத் தள்ளுவண்டியின் முன்சக்கரம் மாதிரி தன்பாட்டுக்கு அலைந்தது. வீல் அலைன்மெண்ட் கடையில் டோ (முன்சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியா இருக்குங்க" என்று பில் கொடுத்தார்கள். பட்டை வண்டியில் கேஸ்டர் வைக்கத் திருகாணி கிடையாது. ஆப்புதான் வழி.

ஆப்பு என்றால் ஹவுசிங்கின் தாங்கிக்கும் பட்டைக்கும் நடுவில் போகிற சரிவுத் தகடு. தபாலில் வருவது பெரும்பாலும் அலுமினியம். பட்டை இறுக்கத்தில் அலுமினியம் நசுங்கும், நசுங்கினால் பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட் தளரும், யூ போல்ட் தளர்ந்தால் இலைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்படும். எனவே இரும்பு. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத்தில் கொடுத்தேன். லேத்காரரிடம் டிகிரி பேசினால் வேலை நடக்காது, மில்லியில் சொல்ல வேண்டும்: 100 மில்லி நீளத்துக்கு 5.2 மில்லி ஏற்றம், அது 3 டிகிரி. இன்னொரு நுணுக்கம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆப்பின் மேல்முகம் சரிவு. சென்டர் போல்ட்டின் தலை சரிவில் உட்கார்ந்தால் ஒரு ஓரம்தான் தொடும், நாளடைவில் தலை தெறிக்கும். அதனால் துளையைச் சுற்றித் தலை உட்காரும் அளவுக்கு மட்டும், போல்ட்டுக்கு நேர்குறுக்காக ஒரு சின்ன மட்டம் கடைந்து வாங்கினேன். போல்ட்டும் ஆப்பின் கனத்துக்கு ஏற்ப நீளமானது. தலை மேலே போதுமான அளவு நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஹவுசிங்கின் துளையில் புகுந்து நிற்கும். இதைப் பார்க்காமல் மாட்டினால் ஹவுசிங் பட்டைமேல் நழுவிவிடும்.

மாட்டுவதற்குச் சங்ககிரிக்கே போனேன். அங்கேதான் ஓரியாட்டம். மேஸ்திரி ஆப்பை வாங்கிக் கனத்த பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்தார்.

"ஏனுங்ணா, கனம் முன்னாடி வரோணுமுங்."

"தம்பி, லாரிக்கெல்லாம் பின்னாடிதான வெக்கறோம். நான் வெக்காத ஆப்பா?"

அவர் சொன்னது லாரிக்கு அப்பட்டமான உண்மை. லாரியில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே. ஆப்பின் கனம் பின்னால் இருந்தால் ஆக்ஸிலின் பின்பக்கத்தை அமுக்கும், கிங்பின் தலை பின்னால் சாயும், கேஸ்டர் ஏறும். ஜிப்ஸியில் பட்டை கீழே, ஹவுசிங் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே கிங்பின் பின்னால் சாய வேண்டுமானால் ஹவுசிங்கின் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், எனவே கனம் முன்னால். வாயால் சொல்லி எடுபடவில்லை. யூ போல்ட்டை லேசாகப் பிடித்து, அவர் சொன்னபடியும் நான் சொன்னபடியும் மாற்றி மாற்றி வைத்துக் கோணமானியை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்த்துவிட்டு, "அட, இது தலகீழ் வண்டியல்லோ" என்றார். அதோடு சரி, மறுபேச்சில்லை. அவ்வளவு ஒழுங்காக யூ போல்ட் இறுக்கியவரை நான் பார்த்ததில்லை: நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. யூ போல்ட் புதிதுதான், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். சாக்கிள் போல்ட்டையும் கண் போல்ட்டையும் வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் (மெத்தை வளையம்) முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

சோதனைக்குத் திம்பம். பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி, கேஸ்டர் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கைக்குள் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. ஏறும்போது மட்டுமில்லை, இறங்கும்போதும். அன்றைக்கு ஆசனூரில் குடித்த டீக்கு இருந்த ருசி தனி.

ஆப்புக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேஸ்டரை மீட்கும்போது பினியன் மூக்கு (ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே சாய்கிறது, எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் முன் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கோணம் கூடுகிறது. ஒரே ஹவுசிங்கில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. நான் கேஸ்டர் பக்கம்தான். ஃபோர் வீல் போடுவதே இட்டேரியிலும் மழைக்காலச் சேற்றிலும் நடை வேகத்தில், அந்த வேகத்தில் ஜாயிண்ட் முனகுவதில்லை. வேகமாக ஃபோர் வீலில் ஓட்டுகிறவர்கள் வேறு கணக்குப் போடட்டும்.

புஷ்ஷைப் பற்றி ஒரு புலம்பல். பாலியூரித்தேன்தான் நல்லது என்று கடைக்காரர் தலையில் கட்டினார். மெத்தையாக இருக்க வேண்டிய இடத்தில் கிரீச் கிரீச் என்று கத்துகிறது, கிரீஸ் வைத்தால் புழுதி அப்பிக்கொள்கிறது. அடுத்த முறை சாதா ரப்பர். முன் பிரேக் ஹோஸ் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது விறைத்தது, நீளமானதாக மாற்றியாயிற்று.

பின்பக்கம் இன்னும் பாக்கி. அங்கே சாக்கிள் பின்முனையில், நீட்டியதும் பினியன் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. பின் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் அச்சுக்குப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் இணையாக இல்லாததால் 60-ஐத் தாண்டினால் வண்டியின் தரை அதிர்கிறது. இதற்கும் ஆப்புத்தான், இங்கே கனம் பின்னால் வரும், ஹவுசிங்கின் பின்பக்கம் ஏறினால்தான் மூக்கு இறங்கும். லேத்தில் கொடுத்திருக்கிறேன், தீபாவளி ஆர்டர் முடிந்துதான் கைக்கு வருமாம். பின் ஷாக் அப்சார்பரும் நீளம் பற்றவில்லை, சக்கரம் தொங்கும்போது ஷாக்தான் பிடித்து நிறுத்துகிறது. முழுக்கத் தொங்கவிட்டு ஒரு அளவு, முழுக்க அமுக்கி ஒரு அளவு எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் பொருந்துவது தேடுகிறேன்.

இதற்கு நடுவில் 235/75 டயரின் மேல் கண் போய்விட்டது. விட்டம் 733, 205/70-ஐவிடக் குண்டு 33 மில்லி ஏறும். ஜிப்ஸியின் 5.5 அங்குல ரிம்மில் அது ஒழுங்காக உட்காராது, 6 அங்குல ரிம் வேண்டும். உக்கடம் பழைய இரும்புக்கடைகளில் நல்ல ரிம் கிடைத்தால் வாங்கிப் போட்டுவிடுவேன், பின் ஆப்பு வருகிறதோ இல்லையோ.