அரைக்கால் சுற்று

கார் நின்ற இடத்தில் பச்சையாக ஒரு சொட்டு. தொட்டால் வழவழ.

கூலன்ட். என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

கசிந்த இடம், ரேடியேட்டர் அடியில் கூலன்ட்டை வடிக்கத் திறக்கும் பிளாஸ்டிக் திருகுமூடி, அதாவது டிரெய்ன் (drain) பிளக். போன மாதம் ஸ்பானர் போட்டு அதை இறுக்கியது சாட்சாத் நான்தான்.

மெக்கானிக் அண்ணன் என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே விடவில்லை. "பிரஷர்ல நிக்குது தம்பி, மூஞ்சிலயே அடிக்கும்."

ஆறியதும் பிளக்கைக் கழற்றினார். தலை விண்டிருந்தது, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் நசுங்கிக் கிடந்தது. நல்லவேளை, டேங்க் பக்கத்து மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எம்-சீல் பசை வைத்து அடைத்துவிடலாமே என்றேன்.

"அடைச்சா அடுத்த தடவை எப்படித் தொறப்பீங்க?"

புது பிளக், புது ஓ-ரிங். வெறும் விரலால் திருகினார். நின்றதும் இன்னொரு அரைக்கால் சுற்று, எட்டில் ஒரு பங்கு. அவ்வளவுதான். கசிவை நிறுத்துவது அந்த ரப்பர் வளையம்தான், என் புஜபலம் இல்லையாம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஊறுகாய் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கடைசியாக மூடியது யார் என்று கேட்கவில்லை.