பொன்னி வத்தல் தின்றதை நான் எழுதவில்லை: படப்புத்தகம் எழுதப் பழகிய அனுபவம்

நான் நெல்லைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் படப்புத்தகத்துக்கு எழுதுவது வேறு வேலை என்று புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் “நானும் எழுதணும், எங்கேயிருந்து ஆரம்பிக்க?” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கதை இதுதான். சித்திரை மாச வெயில். ஆச்சி விடியற்காலையில் கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் ஈர வேட்டி விரித்து வத்தல் ஊற்றுகிறாள். காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ளப் பேத்தி பொன்னியைக் காவலுக்கு உட்கார வைக்கிறாள். அரைகுறையாய்க் காய்ந்த வத்தலின் ருசி தெரிந்தவர்களுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடு இன்னும் பிசுபிசுவென்று இருக்கும். பொன்னி ஒவ்வொன்றாய்த் தின்றுவிடுகிறாள்.

முதல் பிரதி 840 வார்த்தை வந்தது. அதில் ஒரு பகுதி:

“சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்த பொன்னி, சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுக்கு நாவில் நீர் ஊறியது. மெதுவாகக் கையை நீட்டி ஒரு வத்தலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆஹா, என்ன சுவை! இன்னொன்றையும் எடுத்தாள்.”

படிக்க நன்றாகத்தான் இருந்தது. கோடை விடுமுறையில் சிறார் எழுத்துப் பயிலரங்கு ஒன்றுக்குப் போனபோது இதைத்தான் எடுத்துப் போனேன். அங்கே வந்திருந்த எடிட்டர் அம்மா முழுசாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்களே, ஓவியருக்கு என்ன வேலை வெச்சிருக்கீங்க?”

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். சிவப்புப் பாவாடை படத்தில் தெரியும். சுற்றும் முற்றும் பார்ப்பது படத்தில் தெரியும். கையை நீட்டுவது, பிய்ப்பது, மெல்லுவது எல்லாம் படத்தில் தெரியும். இப்படி அடித்துக்கொண்டே போனால் அந்தப் பகுதியில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகுதான் இந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று பிடிபட்டது. எழுத்து காக்காவைப் பற்றியே பேசட்டும், படம் பொன்னி தின்பதைக் காட்டட்டும். வாசித்துச் சொல்லும் டீச்சருக்குத் தெரியாத ரகசியம் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்குத் தெரிகிறது. எழுத்து தெரியாத மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட அந்த இடத்தில் பெரியவர்களைவிட ஒரு படி மேலே நிற்க முடிகிறது. இந்தச் சந்தோஷத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்காகவே படப்புத்தகம் எழுதலாம்.

இதைப் பழக நான் செய்த பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் 1996-லிருந்து இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப்புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் பல நூலகங்களில் இருக்கும். இப்படிக் கிடைத்ததில் இருபது புத்தகங்களை எடுத்துக்கொண்டு, படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதினேன். கையால் எழுதுவதுதான் முக்கியம். கண்ணால் வாசித்தால் படம் நம்மை ஏமாற்றிவிடும். எழுதி முடித்துப் பார்த்தால் நல்ல புத்தகங்களில் எழுத்து தனியாக நிற்காது, ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அந்தக் குறையை நிரப்புவதுதான் படம். அடுத்து அதே புத்தகத்தில் எழுத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக் கதை சொல்லிப் பாருங்கள். இரண்டு பயிற்சியையும் ஒரே புத்தகத்தில் செய்தால் எது எங்கே பிரிகிறது என்று தெரியும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டோரிவீவர் கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலைக்கு 250 வார்த்தைக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை. நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. கதை எழுதிய பிறகு நிலையைத் தேடாதீர்கள். எந்த வயசுப் பிள்ளை, தானே வாசிக்குமா, யாராவது வாசித்துக் காட்டுவார்களா என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள். அவர்களுக்கு 840 வார்த்தை மலை.

அப்புறம் டம்மி, அதாவது கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம். இதைச் செய்யாமல் யாரும் பிரதியை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான்கு ஏ4 தாளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் 16 பக்கப் புத்தகம் தயார். அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிப்பதால்தான் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்று எட்டின் மடங்கில் வருகின்றன. முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரத்துக்குப் போய்விடும். மூன்றாம் பக்கம் தனி. நாலும் ஐந்தும் சேர்ந்து ஒரு விரிபக்கம். இப்படிப் பதினைந்து வரை ஆறு விரிபக்கம் கிடைக்கும். கடைசிப் பக்கம் மறுபடி தனி. அதாவது 16 பக்கப் புத்தகத்தில் உங்கள் கதைக்கு எட்டுக் காட்சிதான் உண்டு. 32 பக்கம் என்றால் பதினாறு.

நான் வரிகளை வெட்டி டம்மியில் பசை தடவி ஒட்டினேன். ஒட்டியதும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, தொடர்ந்து மூன்று விரிபக்கத்தில் ஒரே படம்தான் வரும். பொன்னி உட்கார்ந்தே இருக்கிறாள். ஓவியர் பாவம், எதை வரைவார்? அதனால் ஒரு இடத்தில் அவளைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றினேன், ஒரு இடத்தில் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தேன். இரண்டு, ஆச்சரியம் வர வேண்டிய இடங்கள் வலப்பக்கத்தில் விழுந்திருந்தன. பக்கத்தைத் திருப்பியதுமே கண் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடும். ஆச்சரியம் வலப்பக்கத்தில் இருந்தால் இடப்பக்கத்து எழுத்தை வாசிப்பதற்குள் குட்டு உடைந்துவிடும். கேள்வியை வலப்பக்கத்தில் கடைசியாக வைத்து, பதிலைத் திருப்பிய பிறகு இடப்பக்கத்தில் வைக்க வேண்டும். “திடீரென்று”, “அப்போது பார்த்து” போன்ற வார்த்தைகளைப் பக்கம் திருப்புவதே சொல்லிவிடுகிறது. நான்கு “திடீரென்று” அடித்தேன்.

எனக்கு வரைய வராது. இருந்தாலும் டம்மியில் ஒரு செவ்வகம் போட்டு அதற்குள் 24 புள்ளி வைத்தேன். செவ்வகம் வேட்டி, புள்ளி வத்தல். பக்கத்துக்குப் பக்கம் புள்ளியைக் குறைத்துக்கொண்டே போனேன். எழுத்தில் மட்டும் இப்படி:

“ஒரு காக்கா வந்தது. பொன்னி கையைத் தட்டினாள். காக்கா பறந்துவிட்டது.”

இதை வகுப்பில் வாசித்தேன். நாலாவது பக்கம் வரை அமைதி. ஐந்தாவது பக்கத்தில் முன் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து புள்ளிகளை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தான். “டீச்சர், காக்கா பறந்துட்டு. அப்போ இது எப்படிக் குறைஞ்சுது?” நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கம் திருப்பினேன். பின்னாலிருந்து ஒரு பிள்ளை கத்தியது, “அவதான் தின்னுட்டா டீச்சர்!” அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் வகுப்பே எண்ணியது.

உங்கள் பிரதியைச் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் வாசித்துக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்தே சிரிக்கும். தெரியாத பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசியுங்கள். “பிடிச்சுதா?” என்று கேட்கவே வேண்டாம். எந்த வரியில் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்து டம்மியில் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்த வரிகளை அன்று ராத்திரி அடித்துவிடலாம். இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் நல்லது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறை வரியில் இருக்கிறது. நாமே வாசித்தால் நம் குரல் அதை மறைத்துவிடும்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. நம் வினைச்சொல் நீளும். “பார்த்துக்கொண்டிருந்தாள்” என்பதில் பன்னிரண்டு எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை பாதியில் மூச்சு விட்டுவிடும். “பார்த்தாள்” என்றால் ஐந்து எழுத்தில் முடிந்தது. ஒவ்வொரு வரியிலும் இப்படி நீண்ட வினையைத் தேடிப் பிடித்து, குறுக்க முடியுமா என்று பாருங்கள். பாதிக்கு மேல் குறுக்க முடியும். அதே சமயம் நம்மிடம் இருக்கிற இரட்டைக்கிளவி மாதிரி ஒரு சொத்து படப்புத்தகத்துக்கு வேறு இல்லை. படபட, சலசல, மொறுமொறு. வாசிக்கிறவர் வாய்க்கும் கேட்கிற காதுக்கும் அது விருந்து. ஆனால் ஒரு விரிபக்கத்துக்கு ஒன்று போதும்.

பேச்சை எழுத்து நடையில் வைப்பதா, பேச்சு நடையிலேயே விடுவதா? எழுத்து பழகும் பிள்ளை குழம்பும் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நான் கதை சொல்லும் வரிகளை எழுத்து நடையிலும், ஆச்சியும் பொன்னியும் பேசுவதை அவர்கள் பேசுகிற மாதிரியேயும் வைத்தேன். “வத்தலை உண்டது யார்?” என்று எந்த ஆச்சியும் கேட்க மாட்டாள். “வத்தல்” என்பதை “வடாம்” என்று மாற்றச் சொல்லியும், “ஆச்சி”யைப் “பாட்டி” ஆக்கச் சொல்லியும் யோசனை வந்தது. நான் மாற்றவில்லை. தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத்தான் பக்கத்திலேயே படம் இருக்கிறதே. சென்னைப் பிள்ளை ஆச்சி என்ற சொல்லைக் கற்றுக்கொண்டால் நல்லதுதானே.

பாட்டாக எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழ. வள்ளியப்பா பாடல்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எதுகையும் மோனையும் வரியின் முன்பக்கம் நிற்கும் நம் மொழியில், வரிக்கடைசி ஓசைக்காக மட்டும் அர்த்தத்தை வளைத்தால் கதை நொண்டும். ஓசை தானாக வராத கதையை உரைநடையிலேயே விடுவது மேல்.

ஓவியருக்கான குறிப்பில் நான் முதலில் அத்துமீறினேன். பாவாடை நிறம், ஆச்சியின் பாம்படம், மாடிச் சுவரின் உயரம் எல்லாம் எழுதி வைத்தேன். பிரதியைச் செப்பனிட்டபோது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுத்தில் இல்லாமல் கதைக்கு அவசியமானதை மட்டும் வைத்தேன். “படத்தில்: பக்கத்துக்குப் பக்கம் வத்தல் குறைகிறது. பொன்னியின் கன்னம் உப்பியிருக்கிறது. காக்கா ஒன்றையும் தொடவில்லை.” இவ்வளவுதான் மொத்தக் குறிப்பும்.

முடிவுதான் அதிக நாள் எடுத்தது. முதல் பிரதியில் பொன்னி அழுது மன்னிப்புக் கேட்டாள். “பொய் சொல்லக் கூடாது என்று பொன்னி புரிந்துகொண்டாள்” என்று முடிந்தது. அந்த முடிவை மாற்றாமலே வகுப்பில் டம்மியை வாசித்தபோது அதுவரை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த வரியில் பையை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். ஏழாவது பிரதியில் இப்படி ஆனது:

“எத்தனை காக்கா வந்துச்சு?” ஆச்சி கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு ஆச்சி.”

பக்கம் திருப்பினால் கடைசிப் பக்கம்:

“அந்தக் காக்கா பாவாடை கட்டியிருந்துச்சோ?”

பதினோராவது பிரதியில் 138 வார்த்தை நின்றது. அதைத்தான் அனுப்பினேன். முதலில் அனுப்பிய இடத்திலிருந்து மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. இரண்டாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அனுப்பும்போது பதிப்பகம் எந்த வயசுக்கு, என்ன மாதிரிப் புத்தகம் போடுகிறது என்று அவர்களுடைய பத்துப் புத்தகமாவது பார்த்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து, விரிபக்க எண்ணோடு பிரித்து எழுதுங்கள். நண்பரை வைத்துப் படம் வரைந்து அனுப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். ஒப்பந்தத்தில் மொத்தமாக ஒரு தொகையா, விற்பனையில் பங்கு தரும் ராயல்டியா, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோரிவீவர் மாதிரித் திறந்த உரிமத்தில் வரும் கதையை யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதற்குச் சம்மதம் என்றால்தான் அங்கே போடுங்கள். எனக்கு அதில் சந்தோஷமே, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

போன மாதம் ஓவியரின் பென்சில் வரைவுகள் வந்தன. நான் எழுதாத ஒரு அணிலை அவர் ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் வைத்திருக்கிறார். அது பொன்னி தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் அதன் கையிலும் ஒரு வத்தல். வரைவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரதியை இன்னொரு தடவை வாசித்தேன். “மாடியில் யாருமே இல்லை” என்ற வரி இனி பொருந்தாது. அதையும், அணிலால் தேவையில்லாமல் போன இன்னும் இரண்டு சின்ன வரிகளையும் எடுத்துவிட்டேன். இப்போது 129 வார்த்தை.