வலி நின்றுவிட்டது என்று இருந்துவிட்டோம்

போன வருஷம் சித்திரையில் எங்கள் தெருக் கோயில் கொடை. வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலதுபக்கம் துணியை முறுக்கிப் பிழிவதுபோல வலி வந்தது. இரண்டு முறை வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வலி நின்றது. ஆச்சி சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு வைத்த கசாயம்தான் கேட்டது என்று எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

தை மாதம் குளிக்கும்போது தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி, இத்தன நாளா சொல்லாம இருந்தியா?" மறுநாள் முதல் பஸ்ஸில் முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டை போனோம்.

முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். 7 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. இடது சினைப்பை நன்றாக இருக்கிறது, வலது சினைப்பை தெரியவில்லை என்று எழுதியிருந்தது. தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்று இரவு முழுக்க அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அடுத்து சிடி ஸ்கேன். கட்டிக்குள் கொழுப்பும், எலும்புபோல வெள்ளையாக ஒரு துணுக்கும் இருந்தன. புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க சிஏ-125, ஏஎஃப்பி என்று ரத்தப் பரிசோதனைகளும் செய்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எப்பவாவது தாங்க முடியாத வலி வந்து, தானா நின்னுச்சா?"

கொடை ராத்திரியைச் சொன்னேன். சொல்லும்போதே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்தது சினைப்பையில் வரும் டெர்மாய்டு கட்டி, உள்ளே கொழுப்பு, முடி, பல் எல்லாம் வளரும் ஒரு கட்டி என்றார். அது கனமானது. அந்தக் கனத்தில் சில நேரம் சினைப்பை தன் காம்போடு திருகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். சீக்கிரமே ஆபரேஷன் செய்து திருகலை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாமாம். எனக்கு அது செத்து, காம்பு அற்று, கட்டியோடு விலகியிருக்கிறது. அப்புறம் குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புச் சவ்வில் ஒட்டி, அங்கிருந்தே கட்டி தனக்கு ரத்தம் எடுத்துக்கொண்டது. இது அரிதாகத்தான் நடக்கும் என்றார். வலி நின்றது குணமானதால் இல்லை.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டைக்கு அலைந்ததை எழுதினால் நீளும். வருமானச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில்தான், மூன்று சின்னத் துளைகள். கட்டியை ஒட்டியிருந்த சவ்வோடு வெட்டி, வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டுக் கட்டி வெளியே எடுத்தார்கள். உள்ளே உடைந்து சிந்தினால் அந்த எண்ணெய்ப் பசை வயிற்றைப் புண்ணாக்கிவிடுமாம். முழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயுவால் வருவது, இரண்டு நாளில் போய்விட்டது.

கட்டியை அறுத்துப் பார்த்ததில் முடி, கொழுப்பு, ஒரு சின்னப் பல். புற்றுநோய் இல்லை. ஆனால் முடி என்ற சொல் எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. யாரோ சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். பல் இருந்ததாமே என்று இன்னும் சிலர் இழுத்தார்கள். நான் கல்யாணம் ஆகாதவள். அந்தப் பேச்சு துளை போட்ட இடத்தைவிட வலித்தது.

தையல் பிரிக்கப் போன அன்று ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆச்சி, இது யாரும் வச்சதில்ல. கருவும் இல்ல. கருமுட்டை ஆகவேண்டிய செல்லுக்கு தோலு, முடி, பல்லு எல்லாமா மாறுற சக்தி உண்டு. அதுல ஒண்ணு தானா வளந்துருச்சு. சின்னப் புள்ளைக்கும் வரும்."

"அப்ப இவ மேல ஒரு தப்பும் இல்லல்லா?" என்றாள் ஆச்சி.

"ஒண்ணும் இல்ல."

வெளியே வந்ததும் ஆச்சி, "அன்னைக்கு நான் கசாயம் வைக்காம ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருக்கணும்" என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊருக்கு வந்ததும் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் டாக்டரம்மா சொன்னதை அவளே எடுத்துச் சொன்னாள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. ஒரு சினைப்பை இருந்தாலும் குழந்தை பெற முடியும் என்றிருக்கிறார்கள். இடதுபக்கமும் கட்டி வர வாய்ப்பு இருப்பதால் வருஷம் ஒருமுறை ஸ்கேன். அடுத்தது தையில்.