பாடத்தைத் திணிக்காதீர்கள், நேரத்தைக் காத்துக்கொடுங்கள்

பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1762-இல் கல்லூரியை விட்டு வந்தபின், வில்லியம்ஸ்பர்க்கில் ஜார்ஜ் வித் என்ற வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். 1767-இல் வழக்காடத் தொடங்கினார். அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் செய்யும், அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில் ஒரு சாரார் பின்பற்றும் ‘தாமஸ் ஜெபர்சன் கல்வி’ இந்த உறவைத்தான் முன்மாதிரியாகக் கொள்கிறது. பாடநூலுக்குப் பதில் செவ்வியல் நூல்கள், பேராசிரியருக்குப் பதில் வழிகாட்டி, கட்டாயத்துக்குப் பதில் தூண்டுதல்.

மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கட்டாயப்படுத்தாதே என்றால் கண்டுகொள்ளாதே என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் வீட்டில் திரை மட்டுமே மிஞ்சும். பயந்துபோய் பாடப் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக் குவிப்பார்கள். பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துப்போகும்.

இந்த முறையில் உள்ளடக்கம்தான் தளர்வு, நேரம் கறார். காலை 9 முதல் 12 வரை படிப்பு நேரம் என்றால் தொலைபேசி, விருந்தினர், கடைக்குப் போவது எதுவும் கிடையாது. எதைப் படிப்பது என்பது பிள்ளையின் தேர்வு. ஆனால் கைக்கெட்டும் அலமாரியில் என்ன இருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு. மூன்று மணி நேரமும் ஒரே நாளில் வந்துவிடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு 40 நிமிடத்தில் தொடங்கி, அது பழகியபின் கூட்டுங்கள்.

அந்த நேரத்தில் நீங்களும் அதே மேசையில் பென்சிலோடு உங்களுக்குக் கடினமான நூலைப் படிக்க வேண்டும். முதலில் மாற வேண்டியது பெற்றோர் என்பது இந்த முறையின் ஏழு கொள்கைகளில் ஒன்று. என்னைக் கேட்டால் மற்ற ஆறும் இதன் மேல்தான் நிற்கின்றன. தாய் சமையலறையில், தந்தை மடிக்கணினியில், பிள்ளை மட்டும் நூலோடு என்றால் எந்தத் தூண்டுதலும் பிறக்காது.

வயது முக்கியம். சுமார் 8 வரை விளையாட்டு, வீட்டு வேலை, உரக்க வாசித்துக் காட்டுதல் போதும். 8 முதல் 12 வரை ஆர்வம் தாவும், தாவட்டும். பன்னிரண்டையொட்டிப் பிள்ளை தானாக நீண்ட நேரம் படிக்க விரும்பும்போது எழுத்தில் ஓர் உடன்பாடு செய்யலாம்: தினம் எத்தனை மணி நேரம், எந்த நூல்கள், வழிகாட்டியோடு வாரம் ஒரு முறை 45 நிமிடப் பேச்சு. அதில் விளக்கவுரை வேண்டாம். ‘எந்த இடத்தில் ஆசிரியரோடு முரண்படுகிறாய்?’ போல இரண்டே கேள்விகள் போதும். படித்ததைப் பற்றிப் பிள்ளை எழுதி வந்ததில் வாதம் பலவீனமாக இருந்தால் மதிப்பெண் போடாதீர்கள். திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

கணக்கில் இந்த முறை எளிதில் ஓட்டை விடும். வாசிக்கப் பிடிக்கும் பிள்ளை எண்களைத் தொடாமலே ஆண்டைக் கடத்திவிடும். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய வடிவியல் நூலான ‘எலிமென்ட்ஸ்’-இன் முதல் பகுதியை எடுங்கள். அளவுகோல், காம்பஸ் கொண்டு சமபக்க முக்கோணம் வரையும் முதல் தேற்றத்தை இருவரும் சேர்ந்து நிறுவுங்கள். வாரம் ஒரு தேற்றம் போதும். கூட்டல், பெருக்கல், பின்னப் பயிற்சி தினம் 20 நிமிடம் தனியாக நடக்கட்டும்.

ஹோம்ஸ்கூலிங் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 1 முதல் 6-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், 7 முதல் 12 வரை 990 மணி நேரம், காலாண்டு அறிக்கை வேறு. கட்டாயமில்லாப் படிப்பை அதில் காட்ட, தினமும் 12 மணிக்கு மேசையை விட்டு எழும் முன் தேதி, நிமிடங்கள், படித்த நூல், அது எந்தப் பாடத்தில் சேரும் என்று ஒரே வரி எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் வரலாறும் அறிவியலும் குழம்பிவிடும்.